வட்டமாய் வெட்டிய மூலை

விடிந்தால் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். தேடியது கிடைக்க வேண்டுமென்றால் அது இன்றைக்குக் கிடைத்தாக வேண்டும்.

மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரியவள் காலையிலேயே கிளம்பினாள். ஜன்னலோரம் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வலது கண் போய் வருஷமாகிறது. இடது கண்ணுக்கு, நல்ல வெயில் வெளிச்சமும் கையில் பூதக்கண்ணாடியும் இருந்தால் மட்டும் ஏதோ தெரியும்.

"இன்னிக்காவது கிடைக்குமாடி?"

"கிடைக்கும்மா."

"போன வாரமும் இதைத்தான் சொன்ன."

"போன வாரம் உன்னைச் சமாதானப்படுத்தச் சொன்னேன். இன்னிக்கு நிஜமாவே சொல்றேன்."

அம்மா சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே, "டாக்டர் என்ன சொன்னார்னு எனக்கும் காதுல விழுந்தது," என்றாள்.

டாக்டர் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வெளிச்சம் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், முகம் தெரியும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஆசை. குண்டூசியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

குண்டூசி பெரியவளின் தங்கை. ஒல்லி உடம்பு, உருண்டைத் தலை, அதனால் அப்பா வைத்த பெயர். ஐந்து வயதில் ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டு போய்விட்டது. அவள் இறந்த வருஷமே வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து, இருந்த ஒரே ஆல்பமும் போய்விட்டது. முப்பது வருஷத்தில் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே வந்தது. "கனவுல வர்றா, ஆனா முதுகைக் காட்டிக்கிட்டே நிக்கிறா," என்று அம்மா ஒரு நாள் சொன்னபோதுதான் பெரியவளுக்கும் உறைத்தது. அவளுக்குத் தங்கையின் பாதம் நினைவிருந்தது. ஷூ மாட்டிவிட்டவள் அவள்தானே. முகம் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு இழை. அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த செருப்புக் கம்பெனியைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. அதில் குண்டூசியின் படம் இருந்தது. எந்தப் பத்திரிகை, எந்த வாரம், யாருக்கும் தெரியவில்லை. நகரத்துப் பெரிய நூலகத்தில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பெரியவள் வாரக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான்.

வாசலில் அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியில் தோல் வெட்டியே ஓய்வு பெற்ற கை. காகிதத்தின் நாலு மூலைகளையும் கத்தியால் வட்டமாக நறுக்கிவிட்டுத்தான் பசை தடவினார். மருந்துச் சீட்டானாலும் சரி, அலமாரிக்கு விரிக்கும் காகிதமானாலும் சரி, அவர் கைக்கு வந்தால் மூலை வட்டமாகிவிடும்.

"ஒரு லேபிளுக்கு இவ்வளவு அலங்காரமாப்பா?"

"கூர் மூலைதான் முதல்ல உரியும் பெரியவளே." கண்ணாடியைக் கழற்றி, தானே தைத்த தோல் கூட்டுக்குள் வைத்து மூடினார். "அங்கயேதான் போறியா?"

"அங்கயேதான்."

"கிடைக்கலேன்னா விட்டுடும்மா. உடம்பைக் கெடுத்துக்காத."

தினமும் சாயங்காலம் அவள் வீடு திரும்பியதும், "கிடைச்சுதா?" என்று முதலில் கேட்பவர் அவர்தான். பாவம், அவருக்கும் எவ்வளவு ஏக்கம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

*

மூன்றாவது மாடியில் பத்திரிகைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவருக்கு, நோயாளி தூங்கும் அறையில் பேசுவது போன்ற குரல். நாற்பது வருஷம் அமைதி காத்ததில் தொண்டையே அப்படி ஆகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"வாங்கம்மா. உங்க நாற்காலி உங்களைத் தேடிக்கிட்டிருக்கு."

கணினியைத் திறந்தாள். பழைய வாரப் பத்திரிகைகளை இதழ் இதழாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பு, எழுதியவர் பெயர், பொருள், தேதி, பக்கம் என்று யாரோ பொறுமையாகப் பதிந்து வைத்திருக்கும் தரவுத்தளம் அது. சிலவற்றுக்குக் கட்டுரை முழுவதுமே உள்ளே இருக்கும். பெரியவள் வழக்கம்போல் 'செருப்பு' என்று போட்டாள். 'காலணித் தொழிற்சாலை' போட்டாள். 'தோல்' போட்டாள். தோல் வியாதிகள் பற்றி வரிசையாக வந்து விழுந்தன.

பின்னால் வந்து நின்ற நூலகர், "இதையெல்லாம் போன வாரமே படிச்சுட்டோமேம்மா," என்றார். "சொறிக்கு மருந்து எனக்கே மனப்பாடம்."

"வேற எப்படித் தேடறதுன்னு தெரியல சார். நாளைக்குக் காலையில அம்மாவுக்கு ஆபரேஷன்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செருப்புக் கம்பெனியைப் பத்தின கட்டுரைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அப்பா. எங்க கம்பெனியைப் பத்திப் பத்திரிகையில வந்திருக்குன்னு தெரு பூரா சொன்னாராம். அப்பலேர்ந்து வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

"அவருக்கு அது கம்பெனிக் கட்டுரை. எழுதினவங்களுக்கு? அந்தப் படத்துல கம்பெனியா இருந்தது?"

"இல்ல. குழந்தைங்க. வேலைக்கு வர்ற அம்மாக்கள் குழந்தைங்களை விட்டுட்டுப் போறதுக்கு உள்ளயே ஒரு ரூம் உண்டு. அங்க எடுத்ததுன்னு அம்மா சொல்லுவாங்க."

"அப்ப செருப்பைக் கழற்றி வெளிய விடுங்க. குழந்தையைத் தேடுங்க."

பெரியவள் அவரைப் பார்த்தாள். பிறகு பொருள் என்ற கட்டத்தில் 'வேலைக்குச் செல்லும் தாய்மார்' என்று அடித்தாள். 'குழந்தைக் காப்பகம்' என்று சேர்த்தாள். குண்டூசி உயிரோடு இருந்த கடைசி வருஷத்தைப் போட்டாள்.

பட்டியல் வந்தது. நீளமில்லை. நடுவில் ஒரு தலைப்பு: 'தாய் தைக்கிறாள், பிள்ளை காத்திருக்கிறாள்.'

திறந்தாள். முதல் வரியிலேயே தோல் வாசனையும் தையல் மிஷின்களின் சத்தமும் வந்தன. கம்பெனியின் நீலக் கதவு வந்தது. பாதி தாண்டியதும் ஒரு பத்தியில் கண் நின்றுவிட்டது. அதை மறுபடி படித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அவதானா?" என்றார் நூலகர்.

தலையை ஆட்டினாள். கட்டுரையை அச்செடுத்துத் தரச் சொல்லிவிட்டுப் பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. எழுத்துப் பகுதி மட்டுமே சேர்க்கப்பட்டுள்ளது, படங்கள் இத்தொகுப்பில் இல்லை.

"பதறாதீங்க," என்றார் அவர். "அச்சான பத்திரிகை கீழ கிடங்குல இருக்கும். நானே போய் எடுத்துட்டு வர்றேன்."

முழங்கால் வலிக்காரர். லிஃப்ட் வேலை செய்யாத நாள். படி இறங்கிப் போன அவருடைய காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெரியவள் கண்ணை மூடிக் கடவுளிடம் பேசினாள். பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு கட்டை விரல் அளவு முகம், அவ்வளவுதான் கேட்டாள்.

சிவப்புத் துணி அட்டை போட்ட கனமான தொகுப்பை அவர் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். மேஜையில் வைத்து, தேதி பார்த்து, பக்கம் பார்த்துத் திருப்பினார்.

பக்கத்தின் நடுவில் ஜன்னல் போல ஒரு ஓட்டை. அதன் வழியாக அடுத்த பக்கத்துச் சோப்பு விளம்பரம் தெரிந்தது. ஓட்டைக்குக் கீழே படக்குறிப்பு மட்டும் தனியாக நின்றது: 'காப்பகத்தில் அம்மாவுக்காகக் காத்திருக்கும் சிறுமி.'

நூலகர் பக்கத்தின் மேல் குனிந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் நூலகர், தானே வெட்டியதைப் போல. "விளிம்பு பழுத்திருக்கு. வெட்டிப் பல வருஷம் ஆகியிருக்கணும். சாதாரணமா அவசரமாக் கிழிப்பாங்க. இவர் நிதானமா உட்கார்ந்து வெட்டியிருக்கார்."

பெரியவள் விரலை ஓட்டையின் ஓரமாக நகர்த்தினாள். கோடு துளிகூட வளையாமல் நேராக வந்தது. மூலையில் வந்ததும் விரல் வழுக்கித் திரும்பியது. நாலு மூலைகளும் வட்டமாக இருந்தன.

விரலைச் சட்டென்று எடுத்துவிட்டாள்.

"யாருன்னு ஏதாவது தோணுதா?"

"இல்ல சார்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண். பெற்றவரை அந்நியர் முன் நிறுத்தத் தெரியாமல் வந்த பொய் அது.

நூலகர் மறுபடி கணினியில் உட்கார்ந்தார். அந்தப் பத்திரிகையின் அந்த வருஷத்துத் தொகுப்பு வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தார். இன்னும் ஒரே ஒரு இடம். வெகுதூரத்து ஊரில் ஒரு கல்லூரி நூலகம். தொலைபேசியில் அவரே பேசிவிட்டு அவளிடம் கொடுத்தார்.

மறுமுனையில் ஒரு பெண்குரல். "விவரமெல்லாம் சார் சொன்னார். எங்க கிடங்குச் சாவி வச்சிருக்கறவர் வீட்டுக்குப் போயிட்டாரும்மா. நாளைக்குத்தான் திறக்க முடியும். ஆபரேஷன் எப்போ?"

"காலையிலயே உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"சாவியை இன்னிக்கே அவர் வீட்டுல போய் வாங்க முடியுமான்னு பார்க்கறேன். முடிஞ்சா விடியறதுக்குள்ள போய்ப் படம் எடுத்து அனுப்பறேன். ஆனா ஒண்ணு, அம்மாகிட்ட இப்பவே சொல்லிடாதீங்க. எங்ககிட்ட இருக்கற பக்கமும் எந்த நிலைமையில இருக்கோ."

முகம் தெரியாத ஒருத்தி, முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக, யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறாள். இந்த உலகம் இன்னும் நின்றுகொண்டிருப்பது இப்படிப்பட்டவர்களால்தான் என்று பெரியவளுக்குத் தோன்றியது. நன்றி சொல்ல வாய் வரவில்லை. மறுமுனைக்கு அது புரிந்திருக்க வேண்டும். "சரிம்மா, சரி," என்று மெதுவாக வைத்துவிட்டது.

*

அப்பா வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"கிடைச்சுதா?"

இத்தனை வாரம் அந்தக் கேள்வியில் அவள் கேட்டது ஏக்கம். இன்று காதில் விழுந்தது பயம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் எடுத்து வந்த படத்தைக் காட்டினாள். பக்கத்தையும், ஓட்டையையும், வட்ட மூலைகளையும் அவர் கண்ணாடி போடாமலேயே பார்த்தார். தன் கைவேலையைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"எங்கப்பா அது?"

சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். திறந்தார். உள்துணியின் ஒரு ஓரத்தில் தையல் இல்லை. இரண்டு விரலை விட்டு வெளியே எடுத்தார்.

பத்திரிகைக் காகிதம் துணி போல மெலிந்திருந்தது. பூப்போட்ட கவுன். மடியில் இரண்டு சின்னக் கைகள். தலையில் கட்டிய தோல் நாடா. கால்களில் பெரியவள் மாட்டிவிட்ட ஷூக்கள். நாடாவுக்கும் கவுனின் கழுத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம்.

"முகம் இல்ல பெரியவளே," என்றார் அப்பா. "நான்தான் தடவித் தடவி அழிச்சுட்டேன்."

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"வீட்டுல தண்ணி வந்தப்போ ஆல்பம் போகலம்மா. அதுக்கு முன்னாடியே போச்சு. உங்கம்மா அதை மடியில வச்சுக்கிட்டு எழுந்திருக்கவே இல்ல. சோறு தண்ணி கிடையாது. அவ கண்ணுல படாம வைங்கன்னு அப்ப இருந்த டாக்டர் சொன்னார். ஒளிச்சு வச்சா தேடி எடுத்துடுவான்னு கம்பெனி பாய்லர்ல போட்டுட்டேன். வீட்டுக்குத் திரும்பி நடந்து வர்றேன், பாதி வழியில குட்டியோட முகம் எனக்கு ஞாபகம் வரல. அப்பத்தான் நூலகத்துக்குப் போனேன்."

"இத்தனை வாரமா நான் தேடறேனேப்பா."

"சொல்லலாம்னு தினம் வாயைத் திறப்பேன். கிடைச்சுதான்னு கேள்விதான் வரும்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அப்பாவும் மகளும் வாசல்ல என்ன மாநாடு? வெளிச்சம் போகுதுடி."

கோபம் வந்தது உண்மை. அதை அவர் தலையில் கொட்டியிருக்கலாம். நியாயமும் அவள் பக்கம்தான். ஆனால் படியில் கூனி உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்ததும், முப்பது வருஷம் தன்னைத்தானே தண்டித்தவருக்குத் தான் வேறு எதைக் கொடுப்பது என்று நின்றுவிட்டாள்.

"நான் கொடுக்க மாட்டேன்பா. நீங்களே கொடுங்க. வாங்க."

*

அம்மா பூதக்கண்ணாடியை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தாள். ஜன்னலில் வெயில் ஆரஞ்சு நிறத்தில் சாய்ந்துகொண்டிருந்தது.

"கவுன் தெரியுது. நான் தைச்சது. கையைப் பாரு, அடக்கமா வச்சிருக்கிறதை." கண்ணாடியை மேலே நகர்த்தினாள். கீழே கொண்டுவந்தாள். மறுபடி மேலே போனாள். "பெரியவளே, என் கண் இப்பவே போயிடுச்சாடி? முகம் தெரியலையே."

"உன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல," என்றார் அப்பா.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். படியில் சொன்னதைவிடச் சுருக்கமாக, எந்தச் சாக்கும் இல்லாமல், டாக்டரைக்கூட இழுக்காமல் சொன்னார்.

அம்மா படத்தை மடியில் வைத்தாள்.

"அப்போ தண்ணியில போகல."

"போகல."

"முப்பது வருஷமா மழை பேய்ஞ்சா மழையைத் திட்டிக்கிட்டிருந்தேன்," என்றாள் அம்மா. "நீங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

அம்மா படத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"மூக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க. நீங்களாவது பார்த்துக்கிட்டிருந்தீங்கல்ல."

அவர் வாயைத் திறந்தார். அவர் உதடு எதையோ தேடியது. கிடைக்கவில்லை. அவர் விரல் அழித்தது காகிதத்தை மட்டுமல்ல.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் பெரியவ வந்தா போதும்," என்றாள் அம்மா.

அப்பா தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

பெரியவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். கட்டுரை அச்சிட்ட தாளைப் பிரித்தாள். "அம்மா, முகம் இல்ல. ஆனா பேசியிருக்கா. படிக்கட்டுமா?"

அம்மா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

பெரியவள் படித்தாள். "'மற்ற குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்க, ஒரு சிறுமி மட்டும் மூலையில் அமர்ந்து ஊசிகளில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஏன் விளையாடவில்லை என்று கேட்டோம். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்: எங்க அம்மாவுக்குச் சாயங்காலம் ஆனா கண் வலிக்கும். நான் கோத்து வச்சுட்டா அம்மா கண்ணு கெடாது.'"

 அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. குண்டூசி இறந்த வருஷத்துக்குப் பிறகு அம்மா இப்படி அழுது பெரியவள் பார்த்ததில்லை. அழாதே என்று சொல்லவில்லை. அம்மாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துத் தானும் அழுதாள்.

ஜன்னலில் வெயில் போய்விட்டது.

கைபேசி மினுங்கியது. தூரத்து ஊர்க்காரியின் செய்தி. 'சாவி கைக்கு வந்துவிட்டது. விடியும் முன் போகிறேன். பிரார்த்தனை செய்யுங்கள்.' பெரியவள் அதை அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. ஆஸ்பத்திரிப் பையில் துணிகளை அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே பூதக்கண்ணாடியை வைத்தாள்.

வாசல் பக்கமிருந்து பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டது. வரவேண்டாம் என்று சொல்லப்பட்ட மனிதர், நாளைக்கு அம்மா போட்டுக்கொண்டு போகும் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சரக் சரக்கென்று கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. மறுபடி தொடங்கவில்லை. அவர் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று உள்ளே இருந்த இருவருக்கும் தெரிந்தது.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசல் பக்கம் திரும்பாமலே, கரகரத்த குரலில் சொன்னாள்.

"இன்னொரு கால் செருப்பு பாக்கி இருக்கு."

பிரஷ் சத்தம் மெதுவாக மறுபடி கேட்கத் தொடங்கியது.